டி2-வில் கிளம்பிய சிப்பாய்: சி4 ஆட்டத்தில் கறுப்பு எங்கே தோற்றது?

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். மகன் தொடக்கநிலை 5 படிக்கிறான், பள்ளியில் அவனுக்கு இணைப்பாட நடவடிக்கை சதுரங்கம். இனிமேல் வெள்ளையில் சி4 ஆடு, அதாவது முதல் நகர்த்தலில் சி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு என்று அவனுடைய பயிற்றுவிப்பாளர் சொல்லியிருக்கிறார். மாதிரிக்கு, 2024 டிசம்பரில் நம் சிங்கப்பூர்ச் செந்தோசாவில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் 12ஆவது ஆட்டத்தை, அதாவது அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் குகேஷை வென்ற ஆட்டத்தைக் கொடுத்திருக்கிறார். நீங்களும் அவனோடு உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். 20 நகர்த்தல் வரை ஒன்றுமே நடக்கவில்லை, கறுப்பு பெரிய தப்பு எதுவும் செய்த மாதிரியும் தெரியவில்லை, ஆனால் 30ஐத் தாண்டியதும் கறுப்புக் காய்களுக்கு மூச்சு முட்டுகிறது. கறுப்பு எந்த நகர்த்தலில் தோற்றது, மையத்தை (பலகையின் நடு நாலு கட்டங்களை) விட்டுக்கொடுத்து ஓரத்திலிருந்து ஆடுவதைச் சின்னப் பையனுக்குப் பழக்கலாமா? இதுதானே?

இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சந்தேகம் என்று நினைக்கிறேன். மையத்தைப் பிடி, மையத்தைப் பிடி என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பிள்ளையிடம், மையத்தில் கை வைக்காதவர் உலகச் சாம்பியன் போட்டியில் ஜெயித்ததைக் காட்டினால் அவனுக்கும் குழப்பம், உங்களுக்கும் குழப்பம். என் பதில், டிங் மையத்தை விடவே இல்லை என்பதுதான். எப்போது கேட்பது என்பதை மட்டும் தள்ளிப்போட்டார். அந்த ஆட்டத்தை ஜெயித்துக்கொடுத்ததே டி2 கட்டத்தில் நின்ற நடுச் சிப்பாய். அது 7ஆவது நகர்த்தலில் டி3, 18இல் டி4, 26இல் டி5, 27இல் டி6, 36இல் டி7. ஓரத்தில் ஆரம்பித்த ஆட்டம் என்றாலும் முடிந்தது நட்ட நடுவில்.

என்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் சொல்வதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும். பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுக்கிறேன், சமூக மன்ற வகுப்புகளிலும் வீடுகளிலும். கிராண்ட்மாஸ்டர் இல்லை. ஆகவே கீழே வரும் நகர்த்தல்கள் பதிவில் உள்ளவை, அவற்றில் சந்தேகமில்லை. இதற்காகத்தான் அங்கே போனார் என்று நான் சொல்லும் காரணங்கள் என் வாசிப்பு. அந்த இருவரின் தலைக்குள் என்ன ஓடியது என்று எனக்குத் தெரிந்த மாதிரி எழுதமாட்டேன்.

முதலில் அன்றைய நிலவரம், ஏனென்றால் சி4 ஏன் என்பதற்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது. 11 ஆட்டம் முடிந்தபோது குகேஷுக்கு 6, டிங்குக்கு 5. மொத்தம் 14 ஆட்டம், மிச்சம் மூன்றுதான், அதில் டிங்குக்கு வெள்ளை இரண்டு. முந்தின நாள், டிசம்பர் 8, டிங் தோற்றிருந்தார். இடையில் ஓய்வு நாள் கிடையாது, மறுநாள் மாலை 5 மணிக்கு மறுபடியும் பலகையில் உட்கார வேண்டும். இப்படி ஒரு கட்டாயத்தில் இருக்கிறவர் சண்டை போடும் ஆட்டமாகப் பார்த்து எடுப்பார், காய்களைப் பறக்கவிடுவார் என்றுதான் பார்க்கிறவர்கள் எதிர்பார்ப்பார்கள். அவர் சி4 ஆடி, ஜி3 ஆடி, பிஷப்பை ஜி2-வில் வைத்து, கோட்டை கட்டிக்கொண்டு, அதாவது யானையைப் பக்கத்தில் வைத்து ராஜாவை ஓரமாகப் பத்திரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

இது புதிதும் இல்லை. 1987இல் செவில் நகரில் கடைசி ஆட்டத்தை ஜெயித்தால்தான் பட்டம் தங்கும் என்ற நிலையில் காஸ்பரோவ் கார்ப்போவுக்கு எதிராக ஆடியதும் சி4தான். அதுவும் மெதுவாகத்தான் நகர்ந்தது, 64 நகர்த்தல் போய் வெள்ளை ஜெயித்து, 12க்கு 12 என்று சமமாகி, பட்டம் காஸ்பரோவிடமே இருந்தது. கட்டாயம் ஜெயிக்க வேண்டிய நாளில் இந்த மாதிரித் தொடக்கத்தை எடுப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சீக்கிரமே மையத்தில் சிப்பாய்கள் மோதினால் காய்கள் வெட்டுப்பட்டுக் குறையும், குறைந்தால் டிரா பக்கத்தில் வந்துவிடும். காய்கள் எல்லாம் பலகையில் இருந்தால் எதிராளி 40 நகர்த்தலுக்கு முடிவெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நான் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது தேக்கா சந்தையில் பேரம் பேசுவதைச் சொல்வேன்: நீ முதலில் விலை சொல்லாதே, கடைக்காரரைச் சொல்லவிடு, அப்புறம் அதிலிருந்து இறக்கு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். 1 சி4 இ6, 2 ஜி3 டி5, 3 பிஷப் ஜி2 குதிரை எஃப்6, 4 குதிரை எஃப்3 டி4. பாருங்கள், நாலாவது நகர்த்தலிலேயே கறுப்புச் சிப்பாய் வெள்ளையின் பாதிக்குள் வந்து நிற்கிறது. குகேஷ் விலையைச் சொல்லிவிட்டார். இதில் தப்பில்லை, நல்ல நகர்த்தல், இடம் கிடைக்கிறது. ஆனால் முன்னே போன சிப்பாயை யாராவது தாங்க வேண்டும். டிங் கோட்டை கட்டிவிட்டு 6ஆவது நகர்த்தலில் இ3 தள்ளி அதைத் தட்டிப் பார்க்கிறார். கறுப்பு பிஷப்பை இ7-க்குக் கொண்டுவருகிறது. இங்கே உங்கள் மகன் போன்ற பிள்ளைகள் எல்லாரும் உடனே இ3 சிப்பாயால் டி4-ஐ வெட்டுவார்கள், கை அரிக்கும். டிங் வெட்டவில்லை, 7 டி3 என்று சும்மா ஒரு அடி வைத்தார். குகேஷே டி சிப்பாயால் இ3-ஐ வெட்டினார், வெள்ளை பிஷப்பால் திருப்பி வெட்டியது, கறுப்பு 8 இ5.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் சமம் என்றுதான் நான் சொல்வேன், வெள்ளைக்குச் சாதகம் என்று யாராவது அடித்துச் சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டேன். சொல்லப்போனால் வெள்ளையின் டி3 சிப்பாய்தான் பலவீனம் மாதிரித் தெரியும், எதிரே கறுப்பு ராணி நிற்கிற திறந்த வரிசையில் தனியாக நிற்கிறது. பாடப்புத்தகக் கண்ணோடு பார்த்தால் கறுப்பு அதைத்தான் குறிவைக்க வேண்டும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த டி3 சிப்பாய் முன்னேறுவதைத் தடுக்க வேண்டிய கறுப்புச் சிப்பாய்கள் மூன்று: அதே வரிசையில் டி, இரு பக்கத்திலும் சி, இ. இதில் டி சிப்பாய் 7ஆவது நகர்த்தலிலேயே போய்விட்டது. மிச்சம் இரண்டு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

அடுத்த பத்து நகர்த்தல்தான் ஒன்றுமே நடக்கவில்லை என்று நீங்கள் சொன்ன பகுதி. குதிரை சி3, யானை இ1, ஏ3, எச்3, 13இல் ராஜா எச்2, 14இல் ராணி சி2. கறுப்பும் கோட்டை கட்டி, எச்6, ஏ5, பிஷப் இ6, யானை பி8, யானை இ8 என்று ஒழுங்காகத்தான் ஆடுகிறது. இதில் இரண்டு சின்ன விஷயங்களை மட்டும் பார்த்தால் போதும். ஒன்று, கறுப்பின் ஏ5. வெள்ளை பி4 தள்ளாமல் தடுக்கத்தான் அது, எல்லாரும் ஆடுகிற நகர்த்தல். ஆனால் ஏ சிப்பாய் ஏ5 போய்விட்டால் அது திரும்பி ஏ6-க்கு வர முடியாது, ஆகவே பி5 கட்டத்தில் ஒரு வெள்ளைக் குதிரை வந்து உட்கார்ந்தால் அதை விரட்ட சி6 ஒன்றுதான் வழி, அந்த சி6-இலும் கறுப்பின் குதிரையே நிற்கிறது. 15ஆவது நகர்த்தலில் டிங் குதிரையை பி5-க்குக் கொண்டுபோனார். அந்தக் குதிரை தானாகக் கிளம்பும்வரை கறுப்பால் அதை விரட்ட முடியவே இல்லை. இரண்டாவது விஷயம் ராஜா எச்2. எச்3 சிப்பாய்க்குக் கூடுதல் காவல் என்பதுதான் வெளியே தெரியும் காரணம். ஆனால் அதனால் ஜி1 கட்டம் காலியானது, அது எதற்கு என்று ஆறு நகர்த்தல் கழித்துத் தெரியும்.

16 யானை டி1, 17 ராணி டி2, பிறகு 18 டி4. இதற்குள் கறுப்பு இ6 பிஷப்பை ஜி6-க்கும் எஃப்6 குதிரையை டி7-க்கும் கொண்டுபோயிருந்தது. இதற்குத்தான் அத்தனை தயாரிப்பும். இப்போது கறுப்பு இ5 சிப்பாயால் வெட்டலாம், அல்லது இ4 தள்ளி எஃப்3 குதிரையை விரட்டலாம். குகேஷ் இ4 தள்ளினார். இங்கே மகனிடம் ஒரு கேள்வி கேளுங்கள், விடையை மறைத்துவிட்டு: குதிரை எங்கே போகும்? நான் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் எச்4 என்பார்கள், ஏனென்றால் அது முன்னால் போகிறது, ஜி6 பிஷப்பையும் தாக்குகிறது. போட்டுப் பாருங்கள், இ7-இல் இருக்கும் பிஷப் வந்து வெட்டும், ஜி3 சிப்பாய் திருப்பி வெட்டினால் கறுப்பு ராணி அந்தச் சிப்பாயை எடுத்துக்கொள்ளும். இ5 போனால் இரண்டு குதிரைகள் காத்திருக்கின்றன. ஜி5 போனால் எச்6 சிப்பாய். டி2-வில் சொந்த ராணி, இ1-இல் சொந்த யானை, எச்2-வில் சொந்த ராஜா, டி4-இல் சொந்தச் சிப்பாய். மிச்சம் இருப்பது ஜி1 மட்டும். 19 குதிரை ஜி1. ஆரம்பத்தில் குதிரை எங்கே நின்றதோ அங்கேயே திரும்பிப் போனது. வர்ணனை கேட்டவர்கள் இதை அபூர்வமான யோசனை என்று ரசித்தார்கள், எனக்கும் பிடிக்கும், ஆனால் 19இல் அவருக்கு வேறு வழியில்லை. யோசனை 17ஆவது நகர்த்தலுக்கு முன்பே முடிந்துவிட்டது. டி4 தள்ளினால் இ4 வரும், வந்தால் ஜி1 போய் அங்கிருந்து இ2, எஃப்4 என்று நல்ல இடத்துக்குப் போகலாம் என்று தெரிந்துதான் அவர் டி4 தள்ளியிருக்க வேண்டும்.

இ4 தள்ளியதால் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். கறுப்புக்கு இடம் கிடைத்தது, வெள்ளையின் ஜி2 பிஷப்புக்குக் கதவு அடைந்தது, இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் லாபம். ஆனால் நான் முன்னே சொன்ன மூன்று சிப்பாய்களில் இரண்டாவது இப்போது டி4 சிப்பாயைத் தாண்டிப் போய்விட்டது. இனி வெள்ளையின் டி சிப்பாயைத் தடுக்க சி7 ஒன்றுதான். அந்த சி7-ஐயோ பி5 குதிரை முறைத்துக்கொண்டிருக்கிறது.

22 குதிரை இ2, கறுப்பு பிஷப் ஜி5, 23 குதிரை எஃப்4, பிஷப்பால் கறுப்பு குதிரையை வெட்டியது, வெள்ளை பிஷப்பால் திருப்பி வெட்டியது. கறுப்புக்கு இனிமேல் கறுப்புக் கட்டத்தில் ஓடும் பிஷப் இல்லை, வெள்ளைக்கு இருக்கிறது, அதுவும் எஃப்4-இல் நின்றுகொண்டு சி7-ஐயும் டி6-ஐயும் ஒரே கோட்டில் பார்க்கிறது. இது உறுதியாகச் சொல்லக்கூடிய மாற்றம், கருத்து இல்லை. சி7-ஐக் காக்க யானை சி8-க்குப் போனது. இடையில் சி2-க்குப் போயிருந்த வெள்ளை ராணி சி3-க்கு ஒதுங்கியது, ஏனென்றால் சி2-வில் நின்றால் இ4 சிப்பாய் இ3 தள்ளும்போது ஜி6 பிஷப் ராணியைத் தாக்கும். இப்போது குகேஷ் 25ஆவது நகர்த்தலில் சி6 குதிரையை பி8-க்குப் பின்வாங்கினார். நோக்கம் புரிகிறது, சி6 தள்ளி அந்த பி5 குதிரையை ஒருவழியாக விரட்ட வேண்டும். ஒரு நகர்த்தல் தாமதம். 26 டி5. இனி சி6 தள்ளினால் சிப்பாயே வெட்டும். கறுப்பு ராணி டி7, 27 டி6, சி5, 28 குதிரை சி7. மூன்றாவது சிப்பாயும் தாண்டிப் போய்விட்டது. பி5-இல் இருந்த குதிரை சி7-இல் டி6 சிப்பாயின் தயவில் உட்கார்ந்து இ8 யானையைத் தாக்குகிறது, யானை விலகியதும் 29 பிஷப் இ4. அத்தனை நேரம் ஜி2 பிஷப்பை அடைத்து வைத்திருந்த அதே இ4 சிப்பாயை அந்தப் பிஷப்பே வெட்டியது.

மிச்சம் அறுவடை, வேகமாகச் சொல்லிவிடலாம். குதிரை டி5 வந்து கறுப்பு வெட்ட, சி சிப்பாயால் திருப்பி வெட்டியதில் டி5, டி6 என்று இரண்டு சிப்பாய் அடுக்காக நின்றன. கறுப்புக் குதிரை மறுபடியும் பி8, வெள்ளை ராணி சி5 சிப்பாயையும் எடுத்துக்கொண்டது, 35இல் யானை இ7, 36இல் டி7, 38இல் பிஷப் டி6, 39இல் யானை ஜி7 சிப்பாயை வெட்டி செக் கொடுத்ததும் குகேஷ் கைவிட்டார். 6க்கு 6.

இப்போது உங்கள் முதல் கேள்வி, எந்த நகர்த்தலில் தோற்றது? ஒரே ஒரு நகர்த்தலைக் கைகாட்டச் சொன்னால் 25இல் குதிரை பி8 என்பேன், ஆனால் அதற்கு முன்பே நிலைமை கொஞ்சம் சங்கடம்தான். 11இல் ஏ5 ஒரு தப்பா என்று கேட்டால், இல்லை. 18இல் இ4? வாதிடலாம், நான் வெட்டியிருப்பேன், ஆனால் அது என் ருசி. உண்மை என்னவென்றால் டி, இ, சி என்று மூன்று சிப்பாய்களும் ஒவ்வொரு முறையும் நியாயமான காரணத்தோடுதான் வழிவிட்டன. என் பார்வையில் நிலைமை மெல்ல மெல்லத்தான் சாய்ந்தது, ஒரே இடத்தில் சட்டென்று இடியவில்லை. நீங்கள் தேடிய ‘அந்த ஒரு தப்பு’ கிடைக்காததற்குக் காரணம் இதுதான். அன்றைக்கு நம்மாட்கள் பாதிப் பேர் சென்னைப் பையனுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம், தோற்றதும் எல்லாரும் குற்றவாளி நகர்த்தலைத் தேடினோம், எனக்கும் அந்த ஆசை இருந்தது.

முந்தின நாள் ஆட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 11ஆவது ஆட்டத்தில் குகேஷ் வெள்ளை, 1 குதிரை எஃப்3 டி5, 2 சி4 டி4, 3 பி4. இதுவும் ஓரத்திலிருந்து ஆரம்பித்ததுதான், வெள்ளைதான் ஜெயித்தது, ஆனால் வேறு மாதிரி. அது இருவருக்கும் சிக்கலான ஆட்டம், டிங்குக்கு நேரம் தீர்ந்துகொண்டே வந்தது, 28இல் ராணியை சி8-க்கு வைத்து ஒரு காயைப் பறிகொடுத்தார், 29இல் குகேஷ் ராணியால் சி6-ஐ வெட்டியதும் ஆட்டம் முடிந்தது. அங்கே தப்பு எது என்று எவரும் விரல் வைத்துக் காட்டலாம். பையனுக்கு இரண்டையும் காட்டுங்கள், 12ஐ மட்டும் காட்டினால் இந்தத் தொடக்கம் ஆடினாலே எதிராளி தானாக நசுங்கிவிடுவார் என்று நினைத்துவிடுவான். அப்படியில்லை என்பதற்கு 14ஆவது ஆட்டமே சாட்சி. அதிலும் டிங் வெள்ளை, அதிலும் 1 குதிரை எஃப்3, 58 நகர்த்தலில் தோற்று பட்டத்தை 7.5க்கு 6.5 என்று குகேஷிடம் கொடுத்தார். கடைசி நான்கு ஆட்டங்களில் மூன்று ஓரத்திலிருந்து ஆரம்பித்தவை, இரண்டில் வெள்ளை, ஒன்றில் கறுப்பு.

மையத்தைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்தலாம் என்பதை ஒரு கொள்கையாகவே ஆடிக் காட்டிய தலைமுறை நூறு வருடம் முந்தையது. 1924இல் நியூயார்க்கில் ரிச்சர்ட் ரெட்டி என்ற ஆட்டக்காரர் இந்த வழியில் ஆடி காபபிளாங்காவை வென்றார், எட்டு வருடமாகத் தோல்வியே பார்க்காத உலகச் சாம்பியனை. அதற்கும் முன்னால் 1843இலேயே இங்கிலாந்தின் ஸ்டான்டன் சி4 ஆடியிருக்கிறார். ஆக இது ஏதோ இந்தக் காலத்து எஞ்சின் (சதுரங்கம் ஆடும் கணினி நிரல்) கண்டுபிடித்த தந்திரம் இல்லை.

அடுத்து மகன். அவன் ஆட்டங்களை நான் பார்த்ததில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும், அவனைத் தினமும் பார்க்கிற பயிற்றுவிப்பாளர் வேறு விதமாகச் சொன்னால் அவரை நம்புங்கள். என் பழக்கம் என்னவென்றால், இ4, டி4 ஆடி ஒரு வருடமாவது அடி வாங்கி அடி கொடுத்த பிள்ளைக்குத்தான் சி4 கொடுப்பேன். காரணம் மையம் புனிதம் என்பதால் இல்லை. சி4-இல் ஆபத்தான விஷயம், முதல் எட்டு நகர்த்தலைப் பார்க்காமலே ஆடலாம் என்பது. சி4, ஜி3, பிஷப் ஜி2, குதிரை சி3, டி3, இ4, குதிரை இ2, கோட்டை. இதை போட்வின்னிக் அமைப்பு என்பார்கள், நல்ல அமைப்புதான், பிள்ளைகளுக்கும் பிடிக்கும், ஏனென்றால் எதிராளி என்ன ஆடினாலும் இதையே போடலாம் போலிருக்கும். போட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் எச்5, எச்4 என்று ராஜாவின் வாசலில் சிப்பாய் வந்து நிற்கும், அல்லது கறுப்பு சி6, டி5 போட்டு முழு மையத்தையும் கட்டியிருக்கும், பையன் கடிகாரத்தைப் பார்ப்பான். பள்ளிப் போட்டிகளில் நேரமும் குறைவு. டிங்குக்கு முதல் 40 நகர்த்தலுக்கு 2 மணி நேரம் இருந்தது, நம் பிள்ளைகளுக்கு அந்தச் சொகுசு இல்லை.

இன்னொன்று, சி4 என்பது ஒரு தொடக்கம் இல்லை, பல தொடக்கங்களுக்குப் போகிற வாசல். 1972இல் ரெய்க்யாவிக்கில் ஸ்பாஸ்கிக்கு எதிரான 6ஆவது ஆட்டத்தில் ஃபிஷர் சி4தான் ஆடினார், மூன்றாவது நகர்த்தலில் டி4 வந்து அது ராணிப் பக்கச் சிப்பாய் ஆட்டமாகவே மாறிவிட்டது. அந்த மாற்றங்கள் தெரியாமல் சி4 ஆடினால் எதிராளிதான் உங்கள் மகன் எந்த ஆட்டம் ஆட வேண்டும் என்று முடிவு செய்வான்.

நான் வைக்கும் பரிட்சை சுலபமானது. அவன் சி4 ஆடிய ஒரு ஆட்டத்தை எடுங்கள், பத்தாவது நகர்த்தலில் நிறுத்துங்கள், எஞ்சினை மூடிவிட்டு இரண்டு கேள்வி கேளுங்கள். எந்தச் சிப்பாயால் மையத்தை உடைக்கப்போகிறாய்? அதற்கு முன் எந்தக் காய் எங்கே இருக்க வேண்டும்? டிங்கின் ஆட்டத்தில் இதற்குப் பதில் டி4, யானைகள் டி1, இ1, குதிரை பி5. மகன் தட்டுத்தடுமாறியாவது ஒரு பதில் சொன்னால் தாராளமாக ஆடட்டும், பதில் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. கேள்வியே புரியாமல் முழித்தால் இன்னும் ஆறு மாதம் இ4 ஆடட்டும். அடுத்த வருடம் பிஎஸ்எல்இ, அதாவது தொடக்கநிலை இறுதித் தேர்வு வேறு இருக்கிறது, புதுத் தொடக்கம் படிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதையும் யோசியுங்கள்.

ஆடுவது என்று முடிவானால் எல்லாப் பதில்களுக்கும் ஒரே நேரத்தில் தயார் செய்யாதீர்கள். நான் பார்த்த வரையில் அவன் வயதுப் பிள்ளைகள் சி4-க்கு யோசிக்காமல் போடும் பதில் இ5. அது சிசிலியன் ஆட்டத்தை (வெள்ளையின் இ4-க்குக் கறுப்பு சி5 ஆடுவதை) திருப்பி வைத்த மாதிரி, வெள்ளைக்கு ஒரு நகர்த்தல் கூடுதல், ஆகவே கறுப்பில் அவன் சிசிலியன் ஆடுகிறவன் என்றால் பாதி வேலை மிச்சம். அதை மட்டும் முதல் ஒரு மாதம் பாருங்கள், இ6, டி5 என்று குகேஷ் ஆடிய வழி அடுத்தது, சி5 கடைசி. அவன் கறுப்பில் என்ன ஆடுகிறான் என்று நீங்கள் எழுதவில்லை, சொன்னால் எதிலிருந்து தொடங்கலாம் என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.